என் பிள்ளைக்கு நான் எதிரே வந்த காலை

காந்திமதி அம்மையின் அடியார்கள் எல்லாருக்கும் நமஸ்காரம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், முன்பின்னாகவும் சொல்லிவிடுவேன். சபையில் எழுந்து பேச வெட்கம். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு தச்சநல்லூரில். என் கடைசிப் பிள்ளை சங்கரலிங்கம் வயிற்றில் இருக்கும்போதே அவன் அப்பா போய்விட்டார்கள். அவன் காலேஜில் எப்.ஏ. பாஸ் பண்ணினான். சௌமிய வருஷமா, அதற்கு அடுத்ததா, நினைவில்லை. தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தேன். இனி என்ன கவலை என்று இருந்தேன்.

கவலை அதன்பிறகுதான் வந்தது. தாலுகா கச்சேரிக்குப் போனான், வக்கீல் வீடுகளுக்குப் போனான். எல்லாரும் "பார்க்கலாம்" என்றார்கள். தெருவில் தலை காட்டினால், "என்னலே, கலெக்டர் ஒனக்கு நாற்காலி போட்டுட்டாரா?" என்று கேட்பார்கள். பிள்ளை வெளியே போவதையே விட்டான். சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருப்பான்.

தாலி இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் ஆகாது என்பார்கள். அதனால் அவன் வேலை கேட்டுப் புறப்படும்போதெல்லாம் நான் தொழுவத்தில் மாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பக்கத்து வீட்டுப் பார்வதி மதினி நிறைகுடத்தோடு அவனுக்கு எதிரே வருவாள். அவள் சுமங்கலி, நல்லவள், வாய்தான் சும்மா இராது. "ஒம் மவனுக்கு உத்தியோகம் வருதோ இல்லியோ, குடம் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு மதினி" என்பாள். நான் சிரிப்பேன். உள்ளே மட்டும், என் முகம்தான் அவனுக்குக் குறுக்கே நிற்கிறதோ என்று அரிக்கும்.

ஒரு நாள் விடியுமுன் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் வெயில் ஏறியும் வரவில்லை. ஐப்பசி மாதம், ஆற்றில் வெள்ளம். விளக்கின் முன் விழுந்தேன். "தாயே காந்திமதி, உத்தியோகம் கேட்டு உன்னைத் தொந்தரவு பண்ணினேன். அது கிடக்கட்டும். என் பிள்ளையை எனக்குக் கொடு" என்று அழுதேன்.

வந்தான். ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். கரையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்றான். நான் முந்தியால் அவன் தலையைத் துவட்டினேன். பிள்ளை வந்தான், ஆனால் அவன் பழைய முகம் வரவில்லை. அதையும் நீயே கொடு தாயே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். புறப்படுகிற காலையில் மதினி குடத்தோடு தயாராக நின்றாள். நான் தொழுவத்தில். திடீரென்று அவன் அங்கேயே வந்துவிட்டான்.

"இங்கன ஒளிஞ்சு என்னம்மா செய்யுத?"

"போய்யா ராசா. எம் மூஞ்சியப் பாக்காத. காரியம் கெட்டுப்போவும்."

"இத்தன நாளும் ஒன்னயப் பாக்காமத்தான போனேன். என்ன கெடச்சிது?"

அவன் குரல் இறங்கிவிட்டது. "படி எறங்கும்போதெல்லாம் வீடே வெறிச்சோடிக் கெடக்கும்மா. எனக்குன்னு ஆருமே இல்லாத மாரி இருக்கும். நீ வா."

கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டி வந்தான். மதினியிடம் குடத்தை வாங்கி என் இடுப்பில் வைத்தான். வெள்ளைச் சேலையோடு நடுத்தெருவில் நின்றேன். எதிர்வீட்டுப் பெரியவர், "ஏ, இவ என்னத்துக்குக் குறுக்க வாரா?" என்றார். மதினி விடுவாளா? "பெத்தவ வாரா அண்ணாச்சி. நீங்க உள்ள போயி வெத்தலயப் போடுங்க" என்றாள். அம்மையை நினைத்து நடந்தேன். குடத்துத் தண்ணீர் தளும்பி என் முந்தி நனைந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

அந்த வேலை கிடைக்கவில்லை. முந்தியே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மறுநாள் அவன் வந்து சொன்னபோது எனக்கு உயிர் போய்விட்டது. அவனோ, "பசிக்கி, சோத்தப் போடும்மா" என்றான். இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கினான். வண்டிக்காரர் வழிநெடுகத் தூங்கியதை அவரைப் போலவே ஆடிக் காட்டினான். அடுப்படியில் நின்று அழுதேன். அம்மை கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று அப்போது தெரிந்தது.

தை பிறந்து அதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு இடம் காலியாக, அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கும் நான்தான் எதிரே வந்தேன். இன்றுவரை அங்கேதான் வாத்தியாராக இருக்கிறான். லீவு முடிந்து புறப்படும்போதெல்லாம், "அம்மா, எதுக்க வா" என்று வாசலிலேயே நிற்பான்.

என்னைப்போலத் தாலி இழந்து, பிள்ளை புறப்படும்போது கதவுக்குப் பின்னால் நிற்கிற தாய்மார்கள் இதைக் கேட்டால், அம்மையை நம்பி வெளியே வாருங்கள். அவளும் தாய்தானே. வேலை தேடிச் சோர்ந்து வருகிற பிள்ளைக்கு உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

வருஷம், மாதம் பிசகியிருக்கலாம். பார்வதி மதினியிடம் யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள். வள்ளியூருக்கு அவன் போனது வெள்ளிக்கிழமை என்று நான் சொல்கிறேன், அவள் இல்லை என்கிறாள். அவள் சொல்வதையே போட்டுக்கொள்ளுங்கள்.