செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

கடைத்தெருவில் ஆட்களையும் வண்டிகளையும் எண்ணுவதற்கு ஏற்ற நாளைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் போட்டேன். வெள்ளி கூடாது; ஜும்மா முடிந்ததும் மசூதி வாசலில் தெரு அடைத்துக்கொள்ளும். ஞாயிறு கூடாது, சென்னையிலிருந்து காரில் வருபவர்கள் டச்சுக் கல்லறை வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, டச்சுக் கல்லறை எங்கே என்று கேட்பார்கள். முகூர்த்த நாள், அமாவாசை, மழை நாள் கூடாது. கழித்துப் பார்த்ததில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஞ்சியது. அந்தப் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

பழவேற்காட்டுக் கடைத்தெருவை, பேருந்து நிறுத்தத்திலிருந்து படகுத்துறை வரை, சீரமைக்கத் திட்டம். வரைபட வேலை, நான் சேர்ந்து ஏழு மாதமே ஆகியிருந்த சென்னை அலுவலகத்துக்கு வந்தது. தெருவில் என்னென்ன போகிறது, யார் யார் உட்கார்ந்து விற்கிறார்கள் என்று முதலில் எண்ண வேண்டும். மேலாளர், மூன்று நாள் எண்ணலாமே என்றார்.

"எங்க ஊர் சார். எனக்குத் தெரியாததா? ஒரு நாள் போதும்."

இந்த வாக்கியத்தை நானே சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

செவ்வாய் காலை ஐந்தரைக்கு அம்மா எனக்கு ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். பதினெட்டு வருடமாக அந்தத் தெருவில் இறால் விற்பவள், அன்று வீட்டில் இருந்தாள். அவளுடைய கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல்தான் நான் என் அளவு நாடாவை வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்லறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாலை வரை எண்ணினேன். ஷேர் ஆட்டோ, ஐஸ் வண்டி, பேருந்து, இரு சக்கர வாகனம், ஆடு. ஆடுகளுக்குத் தனிக் கட்டம். தெருவின் ஏற்ற இறக்கத்தைக் கல்லறை வாசற்படியை அடிப்படையாக வைத்து அளந்தேன். அந்தத் தெருவில் என்னிடம் எந்தக் குறையும் சொல்லாதவர்கள் உள்ளே படுத்திருந்த டச்சுக்காரர்கள் மட்டும்தான். மீன் விற்கும் பெண்கள் பதினாறு பேர். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினேன். "எங்களுக்கு எடம் தருவாங்களாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். கூரை போட்ட மேடை, பதினாறு இடம், எண் போட்டுத் தருவார்கள் என்றேன். அதன்பின் தெருவோரத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பதையும் விளக்கினேன், நிதானமாக, நல்லபடியாக.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தெருக்காரர்கள், கடைக்காரர்கள், மூன்று குப்பங்களின் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அரசுப் பொறியாளர் என் வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். இரும்புக் கடை பாய் முதல் கேள்வி கேட்டார்: "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? என் கடைப் பக்கம் வரக் கூடாது, அவ்ளோதான்." வராது, படகுத்துறைப் பக்கம் சரிவு வைத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பவில்லை, ஆனால் உட்கார்ந்தார்.

பிறகு பொறியாளர் மேடை இடம் பெறும் பதினாறு பேரைப் படித்தார். இன்று மாலை கையெழுத்தாகி மேலே போய்விடும், அப்புறம் மாற்ற முடியாது என்றார். படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு நன்கு தெரிந்த குரல்.

"என் பேரு எங்கடி?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்து நின்றாள்.

"ஊட்ல ஆட்டுக்குக் கூட கட்டம் போட்டேன்னு சொன்னியே. பெத்தவளுக்கு ஒரு கட்டம் இல்லியா?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கவிழ்ந்த கூடை ஞாபகம் வந்தது. எங்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மூன்று குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு நாள் ஓர் ஊர் வலை கட்டும். மற்ற இரண்டும் காத்திருக்கும். இதற்குப் பாடு என்று பெயர். எந்த ஊருக்குப் பாடோ அந்த ஊர்ப் பெண்கள்தான் அன்று தெருவில் உட்காருவார்கள். நைனா இன்று பாடு, நாளை இல்லை என்று சொல்வதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் இறால் குழம்பு வைக்கும் நாளே அதன்படிதான். என் பட்டியலில் முகூர்த்தம் இருந்தது, பாடு இல்லை. மூன்று நாள் எண்ணியிருந்தால் மூன்று ஊரும் வந்திருக்கும்.

"நீங்கதானே எண்ணினீங்க?" என்றார் பொறியாளர்.

"ஆமா சார். தப்பா எண்ணிட்டேன். இது ஒரு ஊர்ப் பட்டியல். இன்னும் ரெண்டு ஊர் விட்டுப்போச்சு."

"அப்போ நாற்பத்தெட்டு இடமா? தெருவுல எங்க இருக்கு?"

நான் வரைபடத்தில் இடம் தேடினேன். பாய்தான் சிரித்தார். "சார், இவங்க எல்லாரும் ஒரே நாள்ல எங்க வராங்க? என் கடை வாசல்லயே தெனம் ஒரு முகம் மாறுது. பதினாறு எடம் போதும். ஒரு எடத்துக்கு மூணு பேரு."

அம்மா சேர்த்துக்கொண்டாள்: "தண்ணிலயே சண்டையில்லாம பிரிச்சிக்கிறோம், தரையில முடியாதா? பேர எய்திக்கோ."

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் தந்தார். வரைபடத்தில் ஒரு கோடும் மாற வேண்டியிருக்கவில்லை. நான் யோசிக்காமல் வரைந்த மேடை சரியாகவும், யோசித்துப் போட்ட நாள் பட்டியல் தப்பாகவும் இருந்தது. தரையில் குந்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இன்னும் இரண்டு பெயர் எழுதினேன். பெண்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திருத்தினார்கள். அம்மா பெயரை எட்டாம் எண்ணில் எழுதப்போனேன். நடுவில், வெயிலும் சாரலும் படாத இடம்.

"அங்க போடாத. பொண்ணு இன்ஜினியர்னு நல்ல எடம் புட்ச்சிக்கினானு சொல்லுவாளுங்க. கடைசியில போடு."

பதினாறாம் எண்ணில் போட்டேன். மாலைக்குள் கையெழுத்தாகியது.

மேடை கட்டி முடிந்துவிட்டது. பாய் கடைப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை. சரிவு நான் சொன்னபடியே படகுத்துறைப் பக்கம் இறங்குகிறது. தண்ணீர் அதன் வழியே இறங்கி, படகுத்துறைக் கோடியில் இருக்கும் பதினாறாம் எண்ணுக்கு முன்னால் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. வடிகால் வாயை நான் அந்த இடத்தைத் தாண்டி, தாழ்ந்த முனையில் வைத்திருக்க வேண்டும்; ஓர் இடம் முன்னதாக, பதினைந்தாம் எண்ணருகே வைத்துவிட்டேன். மழை பெய்து அன்று எங்கள் பாடாகவும் இருந்தால், அம்மா செங்கல் மேல் கூடையை வைத்து, கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். இதுவரை ஐந்து படங்கள். வடிகாலை மாற்ற அனுமதி கேட்டு மனு எழுதி, ஐந்தையும் இணைத்திருக்கிறேன். மேலாளர், எத்தனை நாள் பார்த்து எடுத்தது என்று கேட்டார்.