கோட்டைத் தொட்ட கால்

ஒல்லாந்தர் கல்லறைக்குப் பின்னால், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் சிமெண்டுத் தரையில், எங்கள் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். பந்து கல்லறைச் சுவரைத் தாண்டி விழுந்தால் அவுட். அதில் யாருக்கும் சண்டை கிடையாது. சுவருக்கும் ஆடுகளத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் கிடக்கிற இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றியது.

தாலுகா ஆட்டம் எங்கள் ஊரில் நடக்க வேண்டுமானால், நடுவராக நிற்க ஊரிலேயே ஒருவர் தேறியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் பொன்னேரி. ஆட்டம் முடிந்து திரும்ப பஸ் இருக்காது என்று என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், தன் மகளை அனுப்ப மறுத்தான். அவள்தான் அணியின் கேப்டன். அவளே போகவில்லை என்றதும் மற்ற வீடுகளும் மறுத்துவிட்டன. "நான் ஊதறேன், விசில் குடுங்க" என்று வாயை விட்டேன். நாற்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன் நான். ஓடுகிற வேலைதானே என்று நினைத்தேன்.

விதிகளைப் படித்தேன். படிக்கப் படிக்க விரலிடுக்கில் ஒழுகின. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். இரண்டு கையாலும் பிடித்துவிட்டால் தட்டல் முடிந்தது. மறுபடி தட்டினால் தவறு. ஆனால் கைதவறி விழுந்த பந்து தட்டலில் சேராது. தவறியதா, தவறவிட்டாளா? அதை அவள் முகத்தில் தேடுவதா, விரலில் தேடுவதா? கோட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். கோடு வெளியைச் சேர்ந்தது. கோட்டுக்கு மேலே காற்றில் பறக்கும் பந்து மட்டும் உள்ளேதான். உள்ளேயிருந்து எம்பியவள், வெளியே தரையைத் தொடும்வரை உள்ளே இருப்பவள். அப்படியானால் அந்தரத்தில் இருப்பவளுக்கு எந்த ஊர்?

வலை பிரித்துக்கொண்டிருந்த மச்சானிடம் சொன்னேன்.

"கோடு யாருது மாமா?"

"வெளிய சேந்ததாம்."

"இன்னா மாமா அநியாயமா கீது. நம்ம கழி ரெண்டு ஊருக்கும் பொதுவாச்சே."

ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை விடுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்போம். எல்லைக்குக் கழி நட்டிருக்கும். படகு கழியைத் தாண்டி நின்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். வலை எங்கே விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயோ பந்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணைக் கழற்றி எங்கே வைப்பது?

எனக்கு நடுவர் தேர்வு வைக்கப் பொன்னேரியிலிருந்து விளையாட்டு டீச்சர் வந்தார். எங்கள் பெண்களே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். வெளியே போகிற பந்தைக் கேப்டன் பாய்ந்து அந்தரத்திலேயே உள்ளே தட்டிவிட்டாள். நான் விசில் ஊதினேன்.

"அவ கால் எங்க இருந்தது சார்?" என்றார் டீச்சர்.

"காலப் பாக்கல மேடம். பந்து வெளிய போச்சே."

அடுத்து ஒருத்தி கோட்டின் மேலேயே நின்று பந்தை வாங்கினாள். பந்து உள்ளே இருந்தது, சும்மா இருந்தேன். டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"இன்னா மாமா, ஊத வேண்டியதுக்கு ஊத மாட்ற. அது விசிலா, திருவிழா பீப்பியா?" சுவர்மேல் உட்கார்ந்திருந்த மச்சான் கேட்க, பெண்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு தரையையே பார்த்தேன். வெறும் கால்கள், காலணிகள், சுண்ணாம்புக் கோடு. பந்து எங்கே என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. கேப்டன் ஓரமாகத் தட்டிக்கொண்டு வந்தாள். அவள் கையில் பந்து பட்ட சத்தம் கேட்டபோது, அவள் குதிகாலருகே வெள்ளைத் தூசி எழுந்தது. மிதித்ததா, வாடைக்காற்றா? விசில் ஊதிவிட்டேன்.

"எங்க மாமா பட்டுச்சு?" என்று எதிரே வந்து நின்றாள்.

கோட்டைக் காட்டினேன்.

"உள்ளதான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றான் அவள் அப்பன் சுவரிலிருந்து.

டீச்சர் குனிந்து கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொந்தக்காரப் பொண்ணுக்கு எதிராவே ஊதறீங்க. சரி, ஆட்டத்த இங்கயே வெச்சுக்கலாம்" என்றார். கால் பட்டதா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

டீச்சர் போன பின் அவளிடமே கேட்டேன். "நெஜமாவே பட்டுச்சா?"

"எனக்கின்னா தெரியும் மாமா? காலு கீழ இருந்துச்சு, நான் மேல இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆட்டம் இங்கதான? நைனா இனி வேணாம்னு சொல்ல முடியாதுல்ல?"

முடியாது என்றேன். அது ஒன்றுதான் அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.