விருந்தாளி அறையில் ஒரு மீன்தொட்டி

ஈரானில் மஹல்லாத் ஊரில் கல் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த நேமத்துல்லா எனக்குத் தம்பி முறை. அவன் அம்மாவும் என் சின்னம்மாவும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். ரம்பச் சத்தத்திலேயே கிடந்ததில் அவனுக்குச் சின்ன வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் பாதி கேட்கும். வேலை விட்டு வந்ததும் கல்தூளைக் கழுவிக்கொண்டு மீன்தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவான். அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன், குஞ்சிலிருந்து அவன் வளர்த்தது.

"அவருக்கு இதுங்ககிட்டத்தான் கத்திப் பேச வேண்டியதில்ல" என்பாள் அவன் மனைவி முனவ்வர்.

முனவ்வருக்கு ஹெஷ்மத் என்று ஒரே தம்பி. அக்கா மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவன். வருஷக்கணக்கில் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. தகப்பன் செத்த துக்கத்தில்கூட அக்காவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். அப்படிப்பட்டவன் ஒரு நவ்ரூஸ் புத்தாண்டுப் பெருநாளில் தானாகவே வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே கப்பி மீன்கள்.

புது மீனைச் சில வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். நேமத்துக்கு அது தெரியும். வாளி எடுக்கத்தான் எழுந்தான்.

"என்ன அத்தான், என் மீனுக்கு வாளிதானா?" என்று சிரித்தான் ஹெஷ்மத்.

அந்தச் சிரிப்பை நம்ப முடியாது. கல்யாணச் சண்டையும் ஒரு சிரிப்பில்தான் ஆரம்பித்தது. முனவ்வர் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். நேமத் பையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினான்.

வெயில் காலம் தொடங்கிய சமயம், ஒரு கப்பியின் வாலடியில் சிவப்பு நூல் மாதிரி ஏதோ தொங்கியது. குடல் புழு. கொஞ்ச நாளில் ஏஞ்சல் மீன்களும் இரையை வாங்கி வாங்கித் துப்பின. வயிறு ஒட்டிப்போயிற்று. நேமத் ஆட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் புழு மருந்து கேட்டான்.

"எத்தன ஆடு?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு ஏஞ்சல். மத்ததெல்லாம் கப்பி."

"அது எந்த ஊரு ஆடு?"

மீன் என்று புரிந்ததும் கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆட்டுக்குக் கொடுக்கும் அதே லெவாமிசோல் பொடிதான் மீனுக்கும். அவன் காதருகே வாய் வைத்துச் சொன்னார்: "தொட்டியில தண்ணி எவ்வளவுன்னு சொல்லு, அதுக்குத் தக்க நிறுத்துத் தரேன். வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும், மூடி வை. புழு சாகாது, மயங்கித்தான் விழும். மறுநாளே தரையில கிடக்கறத எல்லாம் உறிஞ்சி எடுத்துடு. இல்லன்னா மறுபடி மீன் வயித்துக்குள்ள போயிடும். சின்னது தப்பிச்சிருக்கும், ரெண்டு மூணு வாரம் விட்டு இன்னொரு தடவ போடு."

தொட்டியை மூட முனவ்வர் தான் போர்த்திக்கொள்ளும் கறுப்புச் சாதரைக் கொடுத்தாள். மறுநாள் பெட்டை ஏஞ்சல் செத்து மிதந்தது. ஆண் மட்டும் மூலையில் அசையாமல் நின்றது. நேமத் ரப்பர் குழாயால் தரையை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஹெஷ்மத் வந்துவிட்டான்.

"தொட்டிக்குக் கறுப்புக் கட்டியிருக்கீங்க. யாரு செத்தது?"

"வெயில் அடிக்குதுடா தம்பி, அதுக்குத்தான்" என்றாள் முனவ்வர். அவள் சொன்னது நேமத்துக்குக் கேட்கவில்லை. ஹெஷ்மத் அதற்குள் வாளியைக் குனிந்து பார்த்துவிட்டான். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சிவப்பு நூல்கள் கிடந்தன.

நேமத் குழாயைக் கீழே வைத்தான். "மன்னிச்சுக்கப்பா ஹெஷ்மத். நீ நல்ல மீனத்தான் கொண்டுவந்த. என் தொட்டியில புழு இருந்திருக்கு, உன் மீனுக்கும் ஒட்டிடுச்சு. விருந்தாளிக்கு நோவ வாங்கிக் கொடுத்துட்டேன்."

ஹெஷ்மத் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"போகட்டும் அத்தான், மனசுல வச்சுக்காதீங்க" என்றான். "அடுத்த தடவ இன்னும் நல்லதாப் பாத்து, நிறையவே கொண்டாரேன்."

அவன் போன பிறகு முனவ்வர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவன் கோவத்தக்கூடத் தாங்கிட்டேன். இந்தப் பிரியத்த எப்படித் தாங்கறது?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே வழி சொன்னாள். "வந்தவங்கள நாம எங்க உக்கார வைக்கிறோம்? நம்ம படுக்கையிலயா?" விருந்தாளி அறையில், நல்ல கம்பளமும் பெரிய கண்ணாடியும் இருக்கும் இடத்தில், சின்னத் தொட்டி ஒன்றை வைத்தார்கள். அதற்கென்று தனி வலை, தனிக் குழாய்.

ஹெஷ்மத் சொன்னபடியே பையோடு வந்தான். நேமத் அவனை நேரே அங்கே அழைத்துப்போனான். "உன் மீனு எங்க மீனோட கும்பல்ல கிடக்க வேணாம். அதுக்குத் தனி அறை." ஹெஷ்மத் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

அந்த ஆண் ஏஞ்சல் இரண்டாவது மருந்துக்குப் பிறகு தேறியது. நேமத் அதற்கு வேறு ஜோடி சேர்க்கவில்லை. ஹெஷ்மத்தின் மீன்கள் ஒவ்வொரு தடவையும் விருந்தாளி அறையில் சில வாரம் தங்கி, நோவில்லை என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போயின. சின்னத் தொட்டி எப்படிக் காலியாகிறது என்று ஹெஷ்மத் கேட்டதில்லை.

நேமத் இறந்த துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். ஹெஷ்மத் இந்தத் தடவை அக்காவுக்குப் பக்கத்தில், அந்தச் சின்னத் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தான். "நான் கொடுத்த மீனக்கூட அத்தான் விருந்தாளியாத்தான் வச்சிருந்தாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதான்.

முனவ்வர் அவனுக்கு இன்னொரு தேநீர் ஊற்றினாள்.