பன்னிரண்டு பேரின் கால்கள்

பம்மலில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும்: 'கிறிஸ்துவின் சீடர்களை உருவாக்குவதே எங்கள் நோக்கம்.' உருவாக்கியதெல்லாம் நூறு சதவீதத் தேர்ச்சி. ஒன்பதாவதிலேயே மக்குப் பையன்களுக்கு டி.சி. கொடுத்துத் துரத்திவிட்டால் பத்தாவதில் எவன் ஃபெயிலாவான்? எல்லாம் தோல் கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள். கேட்க நாதியில்லை.

அமலராணி கேட்டாள். பைபிள் பாடம் சொல்லித்தரும் மறைக்கல்வி டீச்சர், ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி. வாய் கொஞ்சம் நீளம். எண்பத்தெட்டில், இந்தத் தடவை பன்னிரண்டு பேருக்கு மே மாதம் டி.சி. என்று தாளாளர் ஃபாதர் அறிவித்ததும் எழுந்து நின்றாள்.

"இயேசுவோட முதல் சீடர் பேதுரு, படிப்பு வராத மீனவர். அவர் நம்ம ஸ்கூல்ல படிச்சிருந்தா அவருக்கும் டி.சி.தான் ஃபாதர்."

ஃபாதர் சிரித்தார். எதற்கும் சிரிப்பார் அந்த மனுஷன். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

விஷயம் தெரிந்து அப்பாக்கள் சண்டைக்கு வரத் துடித்தார்கள். அமலராணிதான், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வரை பொறுங்கள் என்று தடுத்தாள். அன்றைய பூசையில், இயேசு தம் பன்னிரண்டு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பையன்களைக் கூட்டி வருவது அவள் வேலை. முதல் ரேங்க் வாங்கியவர்களும் நன்கொடை கொடுத்தவர்களின் பிள்ளைகளும்தான் வழக்கமாகச் சீடர்கள். அம்மாக்கள் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, சாக்ஸ் மாட்டி அனுப்புவார்கள். கழுவிய காலைத்தான் ஃபாதர் கழுவுவார். அந்த வருடம் டி.சி. வாங்கப்போகிறவர்களை அவள் பீடத்தின் முன் உட்கார வைத்தாள். ஊரறியக் காலைத் தொட்டவர் எந்த முகத்தோடு துரத்துவார் என்பது அவள் கணக்கு.

ஃபாதர் அவளை ஒருமுறை பார்த்தார். மண்டியிட்டார், கழுவினார். தண்ணீர் கலங்கியது. ஒவ்வொரு பாதத்தையும் முத்தமிட்டார். கோயிலே அழுதது. நானும் அழுதேன், வெட்கங்கெட்டவள்.

மே மாதம் டி.சி. கொடுத்தார். அதே சிரிப்போடு.

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. எல்லாரையும்விட அதிகம் குதித்த சவுரிமுத்து, மகனின் டி.சி.யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அமலராணி ஓடிப்போய் அவரை மறித்து, ஒரு வார்த்தைகூடக் கேட்காமலா வாங்கினீர்கள் என்றாள்.

"இன்னான்னு கேக்க சொல்றீங்க டீச்சர்? என் புள்ள காலுக்கு முத்தம் குட்த்த சாமி அவுரு. அவுராண்ட போயி சண்ட போட்டா பாவமில்லியா?"

மறுநாளே பையன் தோல் கம்பெனிக்குப் போனான்.

"அவங்க வாயை நான்தாண்டி அடைச்சேன்," என்றாள் அமலராணி என்னிடம். துரத்தியவருக்கு உறுத்தவில்லை, தடுக்கப் பார்த்தவள் மனசுக்குள் வெந்துபோனாள். இது எந்த ஊர் நியாயம்?

அந்த மாதமே வேலையை விட்டாள். பெருங்களத்தூரில் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தாள். மறைக்கல்வி மட்டும் சாகும்வரை ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை.