ஒரே கண்ணுக்கு இரண்டு பேர்

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. முன்பின்னாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சம்மா கையிலிருந்த அந்த செல்போன் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதன் முதுகில் கறுப்பாக ஒரு குழல், குழலின் நுனியில் கண்ணாடி. சர்க்கரை உள்ளவர்களின் கண்ணுக்குள்ளே படமெடுக்க, குறுவை நடவு நேரத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வந்திருந்தார். ஜன்னலில் சேலையைக் கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு, தலைத்துண்டோடு போய் வாசலில் உட்கார்ந்தோம். எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்ததெல்லாம் கரையத் தொடங்கியது. வரப்பு எது, வாய்க்கால் எது, வானம் எது என்று தெரியவில்லை. நாற்றின் பச்சை மட்டும் தண்ணீரில் மிதந்து வந்து என் மடியில் ஏறுவது போல இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

படம் என்றாலே எனக்குக் கூச்சம். கல்யாணப் படத்தில்கூடத் தலை குனிந்துதான் நிற்கிறேன். என் பேரைக் கூப்பிட்டதும், அப்போதுதான் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்த ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நடவுல நீ பின்தங்குனா உன் பங்கையும் நான்தானே நடுறேன்? இதையும் நானே பாத்துக்கறேன், இரு" என்று துண்டை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

நர்சம்மாவின் சிரிப்புதான் முதலில் கேட்டது. "என்னக்கா, ஒரே கண்ணுக்கு ரெண்டு பேரா? இந்த ரத்தக்குழாயை இப்பத்தானே பாத்தேன். ஒருத்தருக்கு ஓடுற மாதிரி இன்னொருத்தருக்கு ஓடாது. நிஜ ஆளு எங்க?"

"அது வெட்கப்படுதுங்க. அந்தா, கதவுக்குப் பின்னாடி."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் சேற்றுக் கையைப் பிடித்து, "மூஞ்சியை எடுக்கலக்கா, உள்ள மட்டும்தான்" என்றார்.

எடுத்து, கண் தெளியும்வரை உட்கார வைத்துப் போனில் காட்டினார். செம்மஞ்சளாக, எழும்புகிற நிலா மாதிரி ஒரு வட்டம். அதில் ஆறு பிரிந்து வாய்க்காலாகி, வாய்க்கால் பிரிந்து கன்னி வாய்க்காலாகி ஓடிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குள் இவ்வளவு பாசனமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கங்கே சிவப்புத் திட்டு.

"கரை உடைஞ்சிருக்கே?" என்றேன்.

நர்சம்மா இப்போது சிரிக்கவில்லை. "ஆமாக்கா. இப்படியே விட்டா பார்வை போயிடும். நாளைக்கே தஞ்சாவூர் போறீங்க."

ஓரகத்தி அழுதுவிட்டாள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவள் கண்ணின் படம் என் பேரில் போயிருந்தால், எனக்கும் குறையில்லை என்றே எழுதியிருப்பார்கள்.

தஞ்சாவூரில் லேசர் வைத்தார்கள். வலக்கண் தப்பியது. இடக்கண்ணில் பாதி மூட்டம்; அந்தப் பக்கம் எனக்கு எந்நேரமும் மார்கழி விடியல்தான். வலக்கண்ணை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார், மயிலாடுதுறைப் பக்கம் என்கிறார்கள். அந்தக் குழலுக்கு என்ன பேர், சொட்டு மருந்து எத்தனை முறை விட்டார்கள் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை அவரிடம் காட்டி, தப்பு இருந்தால் திருத்தி வாங்கித் தாருங்கள். என் பேர் அவருக்கு மறந்திருக்கும். கண்ணைச் சொல்லுங்கள், கண்டுகொள்வார்.