வாத்தியார் எழுத மறந்த செலவு

உள்ளறையில் கத்திரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. கூடத்தில் பொருளியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வாத்தியாரின் பேனா நின்றது.

"கை வழுக்கிடுச்சு, பதறாதீங்க," என்றாள் மனைவி. இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

வாசல் மணி அடித்தது. வந்தவள் மனைவியின் பள்ளித் தோழி. ஒல்லி உடம்புக்காக அந்த நாளிலேயே குண்டூசி என்று பெயர் வாங்கியவள். இன்று நாற்பது பேர் வேலை செய்யும் ஆயத்த ஆடைக் கூடத்தின் முதலாளி.

"ஏண்டி, எங்க துணி வெட்டுற கட்டிங் மாஸ்டர் திடீர்னு வேலைய விட்டுட்டாரு. நாளையிலேருந்து நீதான் வர்ற. என்ன வாத்தியாரே, இந்தத் தடவையும் கணக்குப் போட்டுக் காட்டுவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தொழில் தொடங்கியபோதும் தோழி இவர் மனைவியைத்தான் கூட்டாளியாகக் கூப்பிட்டாள். அன்று வாத்தியார் வீட்டுக் கரும்பலகையில் கோடு கிழித்தார். பஸ் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கூலி, மத்தியானச் சாப்பாடு. கூட்டிக் கழித்து, "கையில ஒண்ணும் மிஞ்சாது, விடு," என்றார். மனைவியும் விட்டுவிட்டாள்.

வகுப்பில் மட்டும் ஆண்டுதோறும் தொண்டை கிழியச் சொன்னார்: "ஒண்ணத் தேர்ந்தெடுக்கறப்போ எத விட்டுக்கொடுக்கறியோ, அதுதான் அதோட உண்மையான செலவு. இதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு."

அவள் போவதற்கான செலவை வரிவரியாக எழுதியவர், போகாமல் இருப்பதற்கான செலவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லும் அவளுடைய கண்கள், அக்கம்பக்கத்துச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தே மங்கிப்போயின.

"போயிட்டு வாம்மா," என்றார். "வீட்ட நான் பாத்துக்கறேன்."

மனைவி வலது கையை நீட்டினாள். விரல்கள் நிற்காமல் நடுங்கின.

"அம்பது அடுக்குத் துணிய ஒரே வெட்டுல வெட்டணும். கொஞ்சம் பிசகினா அத்தனையும் குப்பை. உன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போடவாடி?"

"எப்பலேருந்து இப்படி?" என்றார் வாத்தியார்.

"ரெண்டு வருஷமா. நீங்க பேப்பர் திருத்திட்டிருந்தீங்க."

தோழி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கே உன்னத் தூக்கிட்டுப் போயிருக்கணும்டி," என்று மூக்கை உறிஞ்சினாள். வாத்தியாரின் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மனைவி படி வரைக்கும் போய் அவளை அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.