மாட்டுக் கொட்டத்தில் மூன்று நாள்

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் பயிற்சி டாக்டர். வேலை அதிகம், மரியாதை குறைவு. ஒரு முற்பகலில் சர்ஜரி வார்டிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனாம். கர்ப்பமில்லை என்று எங்கள் வார்டிலிருந்து யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமாம். யாராவது என்றால் அது நான்தான்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே ஏதோ ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டு மருமகள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அடிவயிற்றில் வலி, தோள்பட்டையிலும் வலி. தோள்பட்டை வலிக்குத் தண்ணீர்க்குடம்தான் காரணம் என்று சர்ஜன் கண்டுபிடித்திருந்தார். குடத்தை இடுப்பில் வைப்பார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

கர்ப்பத்துக்கு வழியே இல்லை என்றார் சர்ஜன். அவருக்குச் சாட்சி மாமியார். போன மாதமும் மருமகள் வீட்டுக்குத் தூரமாகி மூன்று நாள் மாட்டுக் கொட்டத்தில்தான் இருந்தாள், சோறுகூட நான்தான் கொண்டுபோய் வைத்தேன் என்று அந்த அம்மாள் அடித்துச் சொன்னார். கட்டிலருகே நின்ற புருஷனும் தலையாட்டினான். மாதவிலக்கானவள் அடுப்படிப் பக்கம் வராமல் தனியே உட்காரும் வீடு அது. தெருவுக்கே தெரிந்த விஷயத்தை டாக்டர் வேறு எதற்குத் தோண்ட வேண்டும்?

எனக்கு அந்த வெளுப்பு பிடிக்கவில்லை. நாடியும் ஓட்டமாய் ஓடியது. புருஷனை சோடா வாங்க அனுப்பினேன். மாமியாரை வராந்தாவில் உட்காரச் சொன்னேன். உள்ளதைச் சொல்லு, போன மாசம் வந்துச்சா என்று கேட்டேன்.

"வரல டாக்டரம்மா. அதுக்கு முந்துன மாசமும் வரல."

பிறகு எதற்குக் கொட்டத்தில் போய் உட்கார்ந்தாய் என்றேன்.

"நடவு நேரம். அந்த மூணு நாளுதாம்மா நான் ஒக்கார்றது. மாசமா இருக்கேன்னு சொல்லிட்டா அதுவும் போயிரும்."

சிரிப்பு வந்தது, அதைவிட வேகமாகப் பயம் வந்தது. ஸ்கேன் எல்லாம் எங்களுக்கு அப்போது கேள்விப்பட்ட சமாசாரம். கர்ப்பப்பைக்குப் பின்பக்கம் ஊசியைச் செலுத்தி உறிஞ்சினேன். உறையாத, கறுத்த ரத்தம் வந்தது. உள்ளே எங்கோ கரு வெடித்திருக்கிறது; வயிற்றில் தேங்கிய ரத்தம்தான் தோள்பட்டை வரை வலித்திருக்கிறது.

எங்கள் பெரிய டாக்டரம்மா வயிற்றைத் திறந்தார். கரு இடம் மாறினால் பெரும்பாலும் கருக்குழாயில்தான் தங்கும். இவளுக்குக் குழாய் இரண்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. கரு சினைப்பையில் ஒட்டி வளர்ந்து வெடித்திருந்தது. புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றார் பெரிய டாக்டரம்மா, கை நிற்காமல். வாசலில் எட்டிப் பார்த்த சர்ஜன், அப்பெண்டிக்ஸ் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள்.

அவள் நடித்தது வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்று எனக்குக் கவலை. இந்த மாதிரிக் கருவுக்கும் விலக்குபோல ரத்தம் படுவதுண்டு, அதனால்தான் எல்லாரும் ஏமாந்தோம் என்று மாமியாரிடம் விளக்கினேன். பொய் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரத்தம் ஒண்ணும் படல தாயி. தொவச்ச துணி எதுவுமே கொடியில காயலயே. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெரிந்துகொண்டேவா அப்படி அடித்துச் சொன்னீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவள் செத்திருப்பாள் என்று கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்த டாக்டரு கேக்கையில எம்மவன் பக்கத்துல நின்னான் தாயி. இவ வேலைக்குப் பயந்து கொட்டத்துல போய்ப் படுத்தான்னு தெரிஞ்சா, அவன் அங்கயே அடிச்சுக் கொன்னிருப்பான்."